பேடண்டுக் காரியாலயமும் நமது நெசவாளரும்

இந்திய சர்க்காரின் பேடண்டுக் காரியாலயம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பத்திரிகை வெளியிடுகிறது. நூதனமாகக் கண்டுபிடித்த யந்திரம், மருந்து, சாயம், கருவி முதலியவற்றுக்குத் தனியுரிமை கோரி வந்த மனுக்களும், அவ்வுரிமை அளிக்கப்பட்ட விவரங்களும் அதில் அடங்கும். 2005-ம் வருஷம் முதல் அது இணையத்தில் வெளிவருகிறது. அதற்கு விலை இல்லை. யாரும் திறந்து பார்க்கலாம். ஆயினும், தறியையே ஜீவனமாகக் கொண்ட நமது சென்னிமலையில் அதை வாசிப்பவர் உண்டா என்று நாம் விசாரித்த வரையில் ஒருவரும் அகப்படவில்லை. இது சென்னிமலையின் குற்றமன்று. அப்பத்திரிகை ஆங்கிலத்தில் இருக்கிறது.

பேடண்டு என்பது சர்க்கார் ஒருவருக்கு மனமுவந்து அளிக்கும் சன்மானமன்று. அது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தமது கண்டுபிடிப்பை ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பதிலாக, மனுச் செய்த தினத்திலிருந்து 20 வருஷங்களுக்கு மற்றவர் எவரும் அதை அவருடைய சம்மதமின்றிச் செய்யக் கூடாதென்று ராஜ்யம் தடுத்துக் கொடுக்கிறது. தடுக்கப்படுபவர்கள் யார்? நாமெல்லோரும். அந்தத் தடைக்கு ஈடாக ஜனங்களுக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்த எழுத்துதான். அது படிக்க முடியாத பாஷையில் இருக்குமானால், தடை மட்டும் நம் தலையில் நிற்கிறது. கூலி வந்து சேரவில்லை.

இதைச் சட்டப் புஸ்தகத்திலிருந்து மட்டும் நாம் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன் இவ்வூர் நெசவாளர் ஒருவர் நம்மைக் காண வந்தார். போர்வை நெய்பவர், வயது ஐம்பதுக்கு மேலிருக்கும். தறியில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே பாவு உருளையைத் தளர்த்தவும் இறுக்கவும் ஒரு நெம்புகோல் அமைத்திருந்தார். "இதுக்கு முந்தி யாராச்சும் இதைச் செஞ்சிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க வக்கீலய்யா" என்றார். கணினிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். நமக்கு ஆங்கிலம் தெரியும். நெசவின் பரிபாஷை தெரியாது. அவருக்கு நெசவு முழுவதும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. அவர் கையால் காட்டுவதை நாம் ஆங்கிலமாக்குவதும், திரையில் வந்த படத்தைக் கண்டு அவர் தலையசைப்பதுமாக ஒரு பிற்பகல் கழிந்தது. இருவரும் சேர்ந்து ஒரு வாசகராக ஆவதற்கே அவ்வளவு நேரம் பிடித்தது. கடைசியில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும் அமைப்பொன்று வெகு காலத்துக்கு முன்பே பதிவாகி, அதன் உரிமையும் காலாவதியாகிவிட்டதென்று கண்டோம். அவர் வருத்தப்படுவார் என்று எண்ணினோம். அவரோ, "அப்படின்னா அதைப் பாத்து நானும் செஞ்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். செய்து கொள்ளலாம்; ஒரு காசும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பேடண்டு ஏடுகளின் முழுப் பிரயோஜனத்தையும் அவர் அந்த ஒரே கேள்வியில் கண்டுகொண்டுவிட்டார்.

காலம் முடிந்த உரிமை, வருஷக் கட்டணம் கட்டாமல் விட்டுப்போன உரிமை, வேறு தேசங்களில் மட்டும் பெற்று இந்தியாவில் பெறாத உரிமை ஆகிய இவை யாவும் இந்நாட்டில் பொதுச் சொத்து. தறிக்கும் பம்புக்கும் சாயப் பட்டறைக்கும் வேண்டிய எத்தனையோ நுட்பங்கள் இவ்வாறு கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

காரியாலயம் தூங்கிக்கொண்டிருந்தது என்று கூறினால் அது அநியாயம். இந்நாட்டில் இதற்குச் சட்டம் ஏற்பட்டது 1856-ல். முதல் மனு அவ்வருஷம் மார்ச்சு 3-ந் தேதி கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரெட் டிபென்னிங் என்பவரால் செய்யப்பட்டது. அவர் கண்டுபிடித்தது பங்கா இழுக்கும் யந்திரம்! துரைமாரின் வியர்வை ஆறுவதிலேதான் நமது பேடண்டுச் சரித்திரம் ஆரம்பமாகிறது. அடுத்த நூறு வருஷத்தின் கதையும் பெரும்பாலும் அந்நியர் கதையே. சுதந்தரத்துக்குப் பின் இவ்விஷயத்தை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்த நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார், உரிமைகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியர் கையில் இருப்பதையும், அவற்றில் மிகச் சிலவே இங்கு உற்பத்திக்கு வந்திருப்பதையும் எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கையை ஆதாரமாகக் கொண்டதே 1970-ம் வருஷத்துச் சட்டம்.

செய்தி வழங்கும் துறையிலும் படிப்படியாக முன்னேற்றம் ஏற்பட்டிருக்கிறது. 1980-ல் நாகபுரியில் பேடண்டுத் தகவல் நிலையம் ஏற்பட்டது. கெஜட்டின் ஒரு மூலையில் அச்சாகிவந்த விவரங்கள் 2005-ல் தனிப் பத்திரிகையாயின. 2007 ஜூலை 20 முதல் இணைய மூலமாகவே மனுச் செய்ய வசதி செய்யப்பட்டது. 2013 அக்டோபர் முதல் சர்வதேச மனுக்களைத் தேடிப் பரிசோதிக்கும் அதிகாரமும் இக்காரியாலயத்துக்குக் கிடைத்தது. சொல்லைக் கொடுத்தால் ஏட்டைத் தேடித் தரும் கணினி அமைப்பு 2015-ல் புதுப்பிக்கப்பட்டது. 2023-24-ல் வந்த மனுக்கள் 92,168. அளித்த உரிமைகள் ஒரு லட்சத்துக்கு மேல். 2022-23-ல் உள்நாட்டு மனுக்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதல் ஸ்தானம் பெற்றது. இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் அந்த மனுக்களில் தறிமேட்டிலிருந்தும் பட்டறையிலிருந்தும் போனவை எத்தனை என்பதைப் பொறுத்தே நமது பெருமை அமையும்.

பாஷை விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. 2003-ம் வருஷத்துப் பேடண்டு விதிகளில் 9-வது விதியின்படி, காரியாலயத்துக்குக் கொடுக்கும் பத்திரங்கள் ஹிந்தியிலாவது ஆங்கிலத்திலாவது இருக்க வேண்டும். தமிழுக்கு அங்கே இடமில்லை. கிண்டியில், தமிழ்நாட்டு மண்ணின் மேல் நிற்கும் காரியாலயத்திலேயே தமிழ் மனு செல்லாது!

தமிழை வாசிக்கவும் பெயர்க்கவும் சர்க்காருக்கு இயலாதோ என்றால், அதுவும் இல்லை. மஞ்சள் வழக்கை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். புண்ணுக்கு மஞ்சள் தூள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் பேடண்டு கொடுத்துவிட்டார்கள். ஈரோட்டுச் சந்தைக்கு மூட்டை ஏற்றுகிற எந்தக் குடியானவரும் தம் பாட்டியிடம் அறிந்திருந்த வைத்தியம் அது. நமது விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1996-ல் ஆக்ஷேபித்துப் பழைய நூல்களையும், 1953-ம் வருஷத்து இந்திய வைத்தியச் சஞ்சிகைக் கட்டுரையையும் சாட்சியாகக் காட்டிய பிறகு, 1997-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. பாட்டி சொன்னது போதவில்லை, எழுத்து வேண்டியிருந்தது, அதுவும் பரிசோதகருக்குப் புரியும் பாஷையில் வேண்டியிருந்தது. இந்த அனுபவத்தின் பயனாக 2001-ல் பாரம்பரிய அறிவு மின்னூலகம் தொடங்கப்பட்டது. சமஸ்கிருதம், அரபி, பாரசீகம், உருது ஆகியவற்றோடு நமது தமிழ்ச் சித்த வைத்திய நூல்களும் அதில் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானியம் என்னும் ஐந்து பாஷைகளில் பெயர்க்கப்பட்டிருக்கின்றன. மிகவும் சிலாக்கியமான காரியம். அதைச் செய்தவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் டோக்கியோவில் இருக்கும் பரிசோதகருக்காகத் தமிழிலிருந்து ஜப்பானியத்துக்குப் பெயர்க்க முடிந்த ராஜ்யத்துக்கு, சென்னிமலை நெசவாளருக்காக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்க்க முடியாமற் போனது ஏன்?

ஜப்பானைப் பற்றிச் சொன்னதால் மற்றொன்றும் ஞாபகம் வருகிறது. 1885-ல் அந்நாட்டில் பேடண்டுச் சட்டம் அமுலாயிற்று. அதன் கர்த்தாவான தகாஹாஷி கொரெகியோ பிற்காலத்தில் பிரதம மந்திரியானார். அச்சட்டத்தைப் பற்றித் தமது கிராமத்தில் இருந்தபடியே அறிந்து கொண்டவர்களில் ஸகிச்சி டொயோடா என்ற வாலிபர் ஒருவர். தகப்பனார் தச்சர், தாயார் தறி நெய்தவர். அவர் 1891-ல் ஒரு மரக் கைத்தறிக்கு முதற் பேடண்டு பெற்றார். 1924-ல் அவரது கம்பெனியின் தானியங்கித் தறி முற்றுப்பெற்றது. 1929-ல், உலகத்துக்கே தறி விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி, அத்தறியின் உரிமைக்கு ஒரு லட்சம் பவுன் தருவதாக உடன்படிக்கை எழுதிற்று. இன்று நமது சாலைகளில் ஓடும் டொயோட்டா மோட்டார் அந்தத் தறியின் வழியில் வந்ததே. டொயோடாவுக்கு இருந்த மூளை நமது தறிக்காரருக்கு இல்லையென்று யார் சொல்லத் துணிவார்? அவருடைய நாட்டுச் சட்டம் அவருடைய பாஷையில் இருந்தது. அதை நாம் மறக்கலாகாது. ஜப்பானியக் காரியாலயம் 1999-லேயே தன் ஏடுகளை இணையத்தில் திறந்து வைத்தது.

வக்கீல் என்ற முறையில் ஒன்றை விசேஷமாக எடுத்துரைக்க விரும்புகிறோம். சட்டம் ஜனங்களுக்கு ஆக்ஷேபிக்கும் பாத்தியதையைக் கொடுத்திருக்கிறது. சாதாரணமாக மனுச் செய்து 18 மாதங்களுக்குப் பின் அது பத்திரிகையில் பிரசுரமாகும். அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் உரிமை அளிக்கக் கூடாது. பிரசுரத்துக்கும் உரிமை அளிப்பதற்கும் இடையே, "இது பழைய சங்கதி, எங்கள் ஊரில் வழக்கத்தில் உள்ளது" என்று எவரும் எழுதித் தடுக்கலாம். உரிமை அளித்த பின்னரும் ஒரு வருஷம் வரை சம்பந்தப்பட்டவர்கள் எதிர்க்கலாம். நாளை ஒருவர் சென்னிமலைப் போர்வையின் நெசவு முறையையோ, பவானி ஜமக்காளத்தின் சாய முறையையோ தமது கண்டுபிடிப்பென்று எழுதிக் கொடுத்தால், அதைப் பொய்யென்று சொல்லத் தகுந்த சாட்சிகள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் மனு வந்ததே அவர்களுக்குத் தெரியாது. தவணை கழிந்துபோகும். போதாக்குறைக்கு, 2024 மார்ச்சு 15 முதல் அமுலான திருத்த விதிகள், அதுவரை இலவசமாக இருந்த முன் ஆக்ஷேபத்துக்குக் கட்டணமும் விதித்துவிட்டன. வீண் ஆக்ஷேபங்களைத் தடுக்கவே இது என்கிறார்கள். வீண் ஆக்ஷேபம் செய்பவனுக்குப் பணம் ஒரு பொருட்டன்று. நெசவாளனுக்கு அது பொருட்டு.

பல ஆயிரம் பக்கங்களை எப்படிப் பெயர்ப்பது என்று கேட்போர் உளர். எல்லாவற்றையும் பெயர்க்க நாம் கேட்கவில்லை. ஒவ்வொரு மனுவோடும் 150 சொல்லுக்கு மேற்படாத சுருக்கம் ஒன்று கொடுக்க வேண்டுமென்று விதியே கூறுகிறது. தலைப்பையும் அந்தச் சுருக்கத்தையும் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் பிராந்திய பாஷைகளில் வெளியிட்டால் போதும். சென்னைக் காரியாலயத்தின் எல்லை தென்னாடு முழுவதுமாகையால் தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளத்துக்கும் இது வேண்டும். மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தால் வியாஜ்யம் கிளம்புமே என்பது மற்றொரு தடை. மூலமே சட்டப்படி செல்லும், பெயர்ப்பு அறிவிப்புக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் அது தீர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகளே 2019 முதல் இந்திய பாஷைகளில் வெளியாகின்றன. தமிழும் அவற்றில் ஒன்று. உயிரையும் சொத்தையும் பற்றிய தீர்ப்பைப் பெயர்க்கலாம், தறிக் கட்டையைப் பற்றிய சுருக்கத்தைப் பெயர்க்கக் கூடாது என்பது நமக்கு விளங்காத நியாயம்.

கணினியே நொடியில் பெயர்த்துவிடுமே என்றும் சிலர் சொல்கிறார்கள். பெயர்க்கும், ஆனால் யாரிடமிருந்து சொல்லைக் கற்றுக்கொண்டு? நெசவில் 'ஷெட்' என்பது பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து நாடா ஓட விடும் வழி. அறியாத யந்திரம் அதைக் கொட்டகை என்று எழுதும். 'ரீட்' என்பது நம் அச்சு, அது நாணலாகிவிடும். 'பீம்' என்ற பாவு உருளை ஒளிக்கற்றையாகப் பிரகாசிக்கும்! விழுது, ஊடை, அச்சு, நாடா என்று நமது தறிமேடுகளில் தலைமுறையாக வழங்கும் சொற்களை முதலில் தொகுக்க வேண்டும். 1960-ல் ஏற்பட்ட சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கலாசாலையும், 1956 முதல் கோவையில் நடைபெறும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் இதை மேற்கொள்ளத் தக்கவை. பண்டிதர்கள் அறையில் உட்கார்ந்து புதுச் சொல் செய்ய வேண்டாம். பம்புக்கும் மாவரைக்கும் கிரைண்டருக்கும் கோவைப் பட்டறைகளைக் கேட்டால் போதும்.

மாகாண சர்க்காருக்கும் இதில் பங்குண்டு. தமிழ்நாடு விஞ்ஞான, தொழில்நுட்பக் கவுன்ஸிலில் பேடண்டுத் தகவல் மையம் ஒன்று இருக்கிறது. அது சென்னையில் இருக்கிறது. ஈரோடு, திருப்பூர், கரூர், சென்னிமலை ஆகிய இடங்களில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்திலேயே ஒரு மேஜை, ஒரு கணினி, வாரம் ஒரு நாள் வந்து உட்காரும் விஷயம் தெரிந்த ஒருவர் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தால் பெரிய செலவாகாது. எம். பி. நாச்சிமுத்து முதலியவர்கள் நெசவாளரைக் கூட்டுறவில் சேர்த்துச் சென்னிமலைச் சரக்கைக் கடல் கடந்து அனுப்பிக் காட்டிய ஊர் இது. திருப்பூரில் கொடியைக் கைவிடாமல் 1932-ல் உயிர் நீத்த குமரன் பிறந்த ஊரும் இதுவே. இங்குள்ளவர்களுக்குப் புத்தியும் ரோஷமும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏடுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும்.

9-வது விதியைத் திருத்தி எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளிலும் மனுக்களை ஏற்கும்படி செய்ய வேண்டுமென்று கொங்கு நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேள்வி எழுப்ப வேண்டும். சட்டத்தைத் திருத்த வேண்டிய அவசியமில்லை. இது விதி மாத்திரமே. அதுவரையில் சர்க்காரை எதிர்பார்த்துக் கைகட்டிக் கொண்டிராமல், வரும் வாரம் முதல் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் தறி, நூல், சாயம் சம்பந்தமாக வரும் தலைப்புகளையும் சுருக்கங்களையும், தவணைத் தேதிகளோடு, நம்மால் இயன்ற தமிழில் இப்பக்கத்தில் வெளியிடத் தீர்மானித்திருக்கிறோம். நாம் அச்சை நாணல் என்று எழுதிவிட்டால், நெசவாளர்கள் உடனே ஒரு கார்டு எழுதித் திருத்துவார்களாக.