கொழுத்தலும் வளர்தலும்

குழந்தையைப் பாராட்ட நம் வீடுகளில் பெரிதும் வழங்கும் சொல் ‘கொழுகொழு’ என்பது. இந்த இரட்டைக்கிளவியை நாம் வருணனையாகச் சொல்கிறோம். மெலிந்த பிள்ளையைப் பெற்றவளுக்கு அது தீர்ப்பாகக் கேட்கிறது. “பிள்ளைக்கு என்னதான் கொடுக்கிறாய்?” என்று உறவினர் கேட்கும்போது அக்கறை பாதி, குற்றச்சாட்டு பாதி. கொழுத்தல் வேறு, வளர்தல் வேறு என்பது நம் நினைவிலிருந்து நழுவிவிட்டதாகவே தோன்றுகிறது.

புனேயை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்ட மருத்துவர் யாக்னிக் குழுவினரின் ஆய்வு 2003இல் வெளிவந்தது. சராசரிப் பிறப்பு எடை அங்கே ஏறத்தாழ 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோ. நம் குழந்தைகளின் தசை குறைந்திருந்தது, வயிற்றுச் சுற்றளவு குறைந்திருந்தது. தோள்பட்டைக்குக் கீழே தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. கருவறையில் உணவு போதாதபோது உடல் தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைக் காத்துக்கொள்கிறது போலும். ஒல்லியான குழந்தைக்குள்ளேயே பருமனுக்கு வித்து இருக்கக்கூடும்.

அதன் பின்கதையை 2004இல் வெளியான தில்லி ஆய்வு சொல்கிறது. 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைச் சிறுவயது தொட்டு அளந்து வந்து, அவர்களுள் 1,492 பேரை 26 முதல் 32 வயதில் மீண்டும் சோதித்தார்கள். நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் மெலிந்திருந்து, 2 வயதுக்குப் பின் உயரத்தை மிஞ்சி எடை ஏறியவர்கள். 12 வயதில் அவர்களுள் ஒருவர்கூட உடற்பருமன் உடையவர் அல்லர். எவர் கண்ணுக்கும் அவர்கள் ‘தேறிய’ பிள்ளைகளாகவே தெரிந்திருப்பார்கள்.

இதில் இயற்கையின் ஒழுங்கு ஒன்று உண்டு. உயரத்தோடு ஒப்பிட்ட எடை முதல் ஆண்டில் ஏறுகிறது. பிறகு ஆறு வயதுவாக்கில் வரை இறங்குகிறது. அதன்பின் மீண்டும் ஏறுகிறது. அந்த மறு ஏற்றம் எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குப் பிற்காலப் பருமனுக்கு வாய்ப்பு மிகுதி. ஓடியாடும் பிள்ளையின் பால்சதை வற்றும் மூன்று, நான்கு வயதில்தான் நாம் பதறுகிறோம். சர்க்கரை மிகுந்த சத்துமாவுப் பானங்களைத் தேடுகிறோம். அத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவிலிருந்து நீக்குமாறு இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில்தான் அறிவுறுத்தியது.

ஆகவே குழந்தைக்கு உணவைக் குறைக்கலாம் என்று எவரேனும் முடிவுகட்டினால் அது பெரும்பிழை. இந்தியா, பிரேசில், குவாத்தமாலா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய ஐந்து நாட்டுத் தரவுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, முதல் இரண்டு ஆண்டுகளில் உயரம் நன்கு கூடிய குழந்தைகள் பின்னாளில் உயரத்திலும் பள்ளிப் படிப்பிலும் மேம்பட்டதைக் காட்டியது. அதன்பின் உயரத்தை மிஞ்சி எடை கூடியவர்களிடமே அதிக எடையும் இரத்த அழுத்தமும் மிகுந்திருந்தன. முதலிரண்டு ஆண்டுகளில் தவறவிட்டதைப் பிற்பாடு கொழுப்பாகக் கொடுத்து ஈடுகட்ட முடியாது.

நம் பிள்ளைத்தமிழ் மரபு குழந்தையின் வளர்ச்சியைப் பருவங்களாக வகுத்தது. செங்கீரையில் தலை நிமிர்ந்து ஆடுகிறது, சப்பாணியில் கைகொட்டுகிறது, வாரானையில் நடந்து வருகிறது. அது மருத்துவ நூலன்று. ஆயினும் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்த்த அந்தக் கண்ணை இழந்து, எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கிறோம்.

பசியையும் பருமனையும் எதிரெதிர் முனைகளாகக் கருதும் வரை நாம் இரண்டையும் வெல்லப்போவதில்லை. வீட்டில் கடைசியாக உண்டு எழும் பெண்ணின் தட்டிலிருந்தே இக்கதை தொடங்குகிறது. அவள் தட்டைக் கவனியாமல், பிறந்த பின் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து என்ன பயன்? எடையோடு உயரத்தையும் குறித்து, இரண்டையும் சேர்த்துப் படிக்கக் கற்போம். ஒல்லியாய் ஓடித் திரியும் நாலு வயதுப் பிள்ளையை அதன் போக்கில் ஓடவும் விடுவோம்.