முல்லைத்தீவிலே காவல் எங்கே?

நீதிபதி ஒருவரே தம் உயிருக்கு ஆபத்தென்று கூறி நாட்டை விட்டு வெளியேறிய மாவட்டத்திலே, கன்று களவுபோன கமக்காரன் எவரிடஞ் சென்று முறையிடுவான்? இக்கேள்வியை நாம் விளையாட்டாகக் கேட்கவில்லை. முல்லைத்தீவு மாவட்ட நீதிபதியாயிருந்த திரு. ரி. சரவணராஜா 2023 செப்டெம்பர் மாதத்தில், உயிர் அச்சுறுத்தலையும் மன அழுத்தத்தையும் காரணங்காட்டித் தம் பதவியைத் துறந்து கடல் கடந்து போனார். குருந்தூர்மலை வழக்கை விசாரித்துக் கட்டளை பிறப்பித்தவர் அவர். பாராளுமன்றச் சிறப்புரிமையின் மறைவிலே நின்று அவரைக் கடிந்து பேசியவர்களும் இருந்தனர். அச்சுறுத்தல் இருந்ததாக அவர் சொன்னதை அரசாங்கத் தரப்பார் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளாதது அவர்கள் உரிமை. ஆயினும் அம்மாவட்டத்துச் சாதாரண குடிமகன் அச்செய்தியிலிருந்து கற்றுக்கொண்ட பாடத்தை எந்த மறுப்பறிக்கையாலும் அழித்துவிட முடியாது. அன்று முதல், “நீதிபதிக்கே இக்கதியென்றால் எமக்கு?” என்று அவன் கேட்கத் தொடங்கிவிட்டான்.

கொழும்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு முல்லைத்தீவு அமைதியான மாவட்டமாகத் தோன்றக்கூடும். தலைநகரத்துத் துப்பாக்கிச் சூடுகளையும் பாதாள உலகக் கோஷ்டிகளின் பழிவாங்கல்களையும் ஒவ்வொரு நாளும் பத்திரிகைகளிலே வாசிப்பவர்கள், வன்னியிலே குற்றம் குறைவென்று எண்ணுவது இயல்பே. பொலிஸ் புத்தகத்திலே பதிவான கணக்கைக் காட்டினால் அவ்வெண்ணம் மேலும் உறுதிப்படும். ஆனால் அந்தப் புத்தகத்திலே ஏறுவது குற்றமன்று, முறைப்பாடு. முறைப்பாடு குறைந்தமைக்குக் குற்றம் குறைந்தது ஒரு காரணமாயிருக்கலாம். முறையிட்டும் பயனில்லையென்று மக்கள் கைவிட்டது மற்றொரு காரணமாயிருக்கலாம். இரண்டில் எது உண்மையென்பதை அறிய விரும்புகிறவர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, துணுக்காய்ப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ போய், மாட்டுப்பட்டி வைத்திருக்கும் ஒருவரோடு அரைமணி நேரம் பேசட்டும்.

பட்டிக்காரன் ஒருவனுக்கு நேர்வது என்ன? காலபோக விதைப்புத் தொடங்கியதும் மாடுகளை வயற்புறத்திலிருந்து காட்டோரத்துக்குச் சாய்த்துக்கொண்டு போகின்றான். ஒருநாட் காலையிலே எண்ணிப் பார்க்கும்போது இரண்டு குறைகின்றன. தேடிப் போனால் பற்றைக்குள்ளே தலையும் தோலும் கிடக்கின்றன. இறைச்சி இரவோடிரவாக வாகனமேறிவிட்டது. மாட்டுக்குக் குறியிடுவது பற்றியும், அனுமதியின்றி அறுப்பதும் ஏற்றிச் செல்வதும் குற்றமாவது பற்றியும் விதி கூறுகின்ற விலங்குகள் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றது. சட்டம் இருக்கின்றது, மாடுதான் இல்லை. பொலிஸ் நிலையத்துக்குச் சென்றால் ஒருநாட் கூலியும் பேருந்துக் காசும் போகும். அங்கே தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் கடமையில் இருந்தால் அவனுடைய நல்ல காலம். இல்லையேல், “பின்னேரம் வா” என்பார்கள். அல்லது அவன் தமிழிலே சொன்னதைப் பாதி விளங்கிச் சிங்களத்திலே எழுதி, கீழே ஒப்பமிடச் சொல்வார்கள். தான் சொன்னது என்ன, தாளில் ஏறியது என்ன என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாத எழுத்தின் கீழே ஒப்பமிட்டவன் பிறகு நீதிமன்றத்திலே, “நீ அன்று இப்படியன்றோ சொன்னாய்?” என்ற குறுக்குக் கேள்விக்கு முன்னால் விழிக்கின்றான்.

இவ்விடத்திலே எமது வாசகர்கள், குறிப்பாகக் கமத்தொழில் செய்யும் வாசகர்கள், ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டைச் சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும் என்கின்றது. எழுதியதை முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும். அம்மொழியில் எழுத அதிகாரிக்கு இயலாவிடின், முறைப்பாட்டாளர் தாமே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத இயலாதவிடத்து மாத்திரமே, காரணத்தைப் பதிந்துவிட்டு, வேறு தேசிய மொழியில் எழுதி, விளங்கும் மொழியிலே பெயர்த்துச் சொல்லலாம். இது யாரும் எமக்கு இரங்கித் தந்த சலுகையன்று, நாட்டின் சட்டம். வடக்குக் கிழக்கிலே தமிழ் நிர்வாக மொழியென்று அரசியலமைப்பு எழுதிவைத்ததும் இவ்வாறான இடங்களுக்காகவே.

பழைய விதானைமார் காலத்தை நாம் புகழ வரவில்லை. 1963இல் கிராமத் தலைமைக்காரர் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் முறை வந்தபோது கண்ணீர் விட்டவர்கள் மிகச் சிலரே. விதானையார் வீட்டுக் கோடியிலே கட்டிய ஆட்டுக்கடாக்களின் கதையும், சாதி பார்த்து அவர் தீர்ப்புச் சொன்ன கதையும் எமது முதியோர் அறிந்தவை. ஆனால் ஒன்றுண்டு: எந்தக் குறி எவருடைய மாட்டுக்குரியதென்பது அவருக்குத் தெரியும், களவெடுத்தவன் எவனென்பதும் பெரும்பாலும் தெரியும், முறைப்பாட்டை அவர் கேட்டதும் ஊராரின் மொழியிலேதான். அவருக்குப் பின் வந்த ஏற்பாட்டிலே ஊரை அறிந்தவரிடம் பொலிஸ் அதிகாரமில்லை. அதிகாரமுள்ளவர் ஊரை அறிவதற்கு முன்னரே இடமாற்றம் பெற்றுப் போய்விடுகின்றார்.

கடற்கரைப் பக்கம் வருவோம். கொக்கிளாய் முதல் அலம்பில் வரையுள்ள கரையிலே வாழ்பவர்களுள் ஒரு பகுதியினர் 1984இல் தம் ஊர்களிலிருந்து துரத்தப்பட்டு, கால் நூற்றாண்டுக்கும் மேலாக அலைந்து திரிந்து, போர் முடிந்த பின்னரே மீளக் குடியேறியவர்கள். திரும்பி வந்தவர்கள் கண்டது, தங்கள் பாட்டுக்கு வேறெவரோ வலை வளைப்பதை. 2018 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்திலே முல்லைத்தீவு மீனவர்கள் திரண்டெழுந்து, வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதையும் வெடிவைத்து மீன்பிடிப்பதையும் நிறுத்துமாறு போராடினர். அம்மாதம் 13ஆந் திகதி இரவு நாயாற்றிலே தமிழ் மீனவர்களின் எட்டு வாடிகள் தீயிடப்பட்டன. படகும் வலையும் இயந்திரமும் சாம்பலாயின. சந்தேகத்தின் பேரிற் சிலர் கைதுசெய்யப்பட்டனர் என்பது மெய்யே. ஆயினும் ஒரு வாடி எரிந்தால் ஒரு குடும்பத்துக்குப் பருவமொன்று போய்விடுகின்றது. இயந்திரத்துக்குப் பட்ட கடன் மட்டும் எரிவதில்லை. பிறமாவட்டத்து ஏழை மீனவனோடு எமக்குப் பகையில்லை. அவனுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்தவரும், அளவுக்கு மிஞ்சிப் படகுகள் இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டவருமே விடை சொல்ல வேண்டியவர்கள்.

எல்லாப் பழியையும் பிறர் தலையிற் போடுவது எமது வழக்கமன்று. 2020 ஒக்டோபரிலே முறிப்புப் பகுதியில் மரக் கடத்தலைப் பற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற பத்திரிகையாளர் இருவர் தாக்கப்பட்டனர். தாக்கியவர்களென்று குற்றஞ்சாட்டப்பட்டோர் சீருடை அணிந்தவர்களல்லர்; காட்டைக் களவாடிப் பிழைப்பவர்கள். தேக்கு மரத்தை அறுப்பவனுக்கும் ஆற்று மணலை இரவிலே டிப்பரில் ஏற்றுபவனுக்கும் வழி காட்டுகிறவன் பெரும்பாலும் உள்ளூரான். கசிப்புக் காய்ச்சும் பற்றைக்குப் பாதை தெரிந்தவனும் உள்ளூரானே. ஆற்று மணல் போனால் அருகேயுள்ள கிணற்று நீர் தாழும் என்பதைக் கமக்காரனுக்கு எவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருந்தும் ஒரு லோட்டுக்கு இவ்வளவு என்று கையிலே காசு விழுந்தவுடன் ஊரின் வாய் அடைத்துப்போகின்றது. இதைச் சொல்வதால் எம்மீது கோபப்படுகிறவர்கள் கோபப்படட்டும்.

கசிப்பைக் காட்டிலும் கொடியது பின்னாலே வந்திருக்கின்றது. கடல்வழியாகக் கஞ்சா வந்த பாதையிலே இப்போது ‘ஐஸ்’ என்ற நஞ்சும் ஊருக்குட் புகுந்துவிட்டது. 2022இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்து கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என்று விதித்தார்கள். 1976க்குப் பின் எவரையும் தூக்கிலிடாத நாட்டிலே இச்சட்டத்துக்கு அஞ்சி வியாபாரத்தை விட்டவன் எவனையும் நாம் காணவில்லை. அகப்படுகிறவன் பெரும்பாலும் பாவிக்கின்ற பையன். கொண்டுவந்து இறக்கியவன் அடுத்த படகை எதிர்பார்த்திருக்கின்றான். விற்பவன் எவன் என்பதை ஊர் அறியும். ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், “காலையிலே நாங்கள் சொன்னது மாலையிலே அவன் காதுக்குப் போகின்றது” என்கின்றார்கள். குற்றத்துக்குச் சாட்சி சொல்வோரைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. அச்சட்டங்களின் நிழல் முல்லைத்தீவுக் குடிசை வரை நீளவில்லை.

இவ்வளவும் நடப்பது காவலற்ற வனாந்தரத்திலா? இல்லை. 2009 மே மாதத்திலே போர் முடிந்த மண் இது. வழிநெடுகிலும் முகாம்களைக் கண்ட மண். ஆயுதந் தரித்தவர்களின் எண்ணிக்கையாலே பாதுகாப்பு உண்டாகுமெனின், இலங்கையிலே முல்லைத்தீவானைப்போல் நிம்மதியாக உறங்குபவன் வேறொருவன் இருத்தலாகாது. நடந்தது என்ன? 2019 செப்டெம்பர் 23ஆந் திகதி செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோவிற் சூழலிலே, நீதிமன்றக் கட்டளையையும் மீறிப் பௌத்த பிக்கு ஒருவரின் உடல் தகனஞ் செய்யப்பட்டது. பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றனர். 2025 ஓகஸ்ட் மாதத்திலே முத்தையன்கட்டு இராணுவ முகாமை அண்டி இளங் குடும்பஸ்தர் ஒருவரின் உயிர் போய், உடல் குளத்திலே கண்டெடுக்கப்பட்டது. படையினர் சிலர் கைதாயினர். வழக்கு நீதிமன்றத்துக்குரியது, அதைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் முகாம் அருகிலிருப்பது காவலென்று இனி எவரும் எம்மிடம் சொல்ல வரவேண்டாம்.

பெண்கள் நிலைமை தனியே கூறத்தக்கது. போரிலே கணவனை இழந்தவர்களும், காணாமலாக்கப்பட்டவனுக்காகக் காத்திருப்பவர்களும் தலைமை தாங்கும் குடும்பங்கள் இம்மாவட்டத்திலே பல. அவ்வீடுகளின் படலை இரவிலே தட்டப்படும்போது கூப்பிட ஆளில்லை. காலையிலே பொலிஸ் நிலையத்துக்குப் போனாலோ, அந்நிய ஆடவர் முன்னிலையிலே, அந்நிய மொழியிலே, சொல்லக் கூசுவதைச் சொல்ல வேண்டும். ஊரிலே நடப்பதும் நன்றன்று. சிறுமியொருத்திக்குக் கொடுமை இழைக்கப்பட்டால், குடும்ப மானத்தின் பெயரால் பேசி முடிக்கவும், சில வேளைகளிலே கெடுத்தவனுக்கே கட்டிக் கொடுக்கவும் முன்னிற்கின்ற பெரியவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் வேலிச் சண்டைக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் ஏற்றவை. இத்தகைய குற்றத்தைச் சமாதானஞ் செய்ய அச்சபைக்கும் அதிகாரமில்லை. கோவில் மண்டபத்திலே கூடுகின்ற பெரியவர்களுக்கும் அதிகாரமில்லை.

அரசாங்கம் செய்யக்கூடியது தெளிவாக இருக்கின்றது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாந் திருத்தம் மாகாணத்துக்கு ஒரு பொலிஸ் பிரிவையும், முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்கப்படும் பிரதிப் பொலிஸ் மா அதிபரையும் எழுதிவைத்தது. எழுதிய மை காய்ந்து எத்தனை அரசாங்கங்கள் மாறின! ஒன்றாவது அதனைச் செயற்படுத்தவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலையும் நெடுங்காலம் ஒத்திவைத்தார்கள். பொலிஸ் அதிகாரத்தைக் கொடுத்தால் நாடு பிளவுபடுமென்பவர்களை நாம் கேட்கின்றோம்: மாட்டுக் கள்ளனைத் தமிழிலே விசாரித்தால் நாட்டின் எந்த மூலை உடைந்து விழும்? அது வரும்வரையில், முல்லைத்தீவின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் இரவும் பகலும் தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரையும், தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் ஒருத்தியையும் இருத்துவதற்கு எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை. பொலிஸ் மா அதிபரின் ஒரு சுற்றுநிருபம் போதும்.

அச்சுற்றுநிருபம் வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டுமா? நீதிபதி வெளியேறியபோது பணிப் பகிஷ்கரிப்புச் செய்த சட்டத்தரணிகளை நாம் மதிக்கின்றோம். அவர்களிடமும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடமும், அரசாங்க சேவையிலிருந்து இளைப்பாறியவர்களிடமும் ஒன்று கேட்கின்றோம். மாதத்தில் இரு சனிக்கிழமைகள் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கொக்குத்தொடுவாயிலும் கமக்காரர் அமைப்புக்களும் மீனவர் சங்கங்களும் கூடுகின்ற இடத்திலே ஒரு மேசையைப் போட்டு உட்காருங்கள். களவு கொடுத்தவனின் முறைப்பாட்டைத் தெளிந்த தமிழிலே எழுதிக் கொடுங்கள். மாட்டின் குறி, நாள், நேரம், இடம், கண்டவர் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். 109ஆம் பிரிவை அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் கூடவே செல்லுங்கள்; சட்டத்தரணி வாயிலில் நிற்கும்போது, “பின்னேரம் வா” என்ற சொல் அவ்வளவு இலகுவில் வராது. ஏற்க மறுத்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

முறைப்பாட்டின் பிரதியொன்று எமது காரியாலயத்துக்கும் வரட்டும். முறையிட்டவர் பெயரை மறைத்து, கொடுத்த திகதியையும், பெற்றுக்கொண்ட பொலிஸ் நிலையத்தையும், அதன்மேல் என்ன செய்யப்பட்டதென்பதையும் கிழமைதோறும் இப்பத்தியின் அருகிலே வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.