கரடியின் கழுத்துப்பட்டி

யோகி என்னும் சித்திரக் கரடிக்குக் கழுத்துப்பட்டி எதற்கு? அதற்கு விடை காண நாம் 1957ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். ரொம், ஜெரி படங்களால் ஏழு ஒஸ்கார் பரிசுகளை ஈட்டிய ஹன்னா, பார்பெரா இருவரையும் எம்.ஜி.எம். நிறுவனம் அவ்வாண்டிலே கைவிட்டது. அவர்கள் தொலைக்காட்சியை நாடினர். ஆங்கே கிடைத்த பணமோ சொற்பம். ஆதலின் உடலை அசையாது நிறுத்தித் தலையை மட்டும் மாற்றி வரைந்தனர். இரண்டும் பொருந்துமிடத்தைப் பட்டி மறைத்துவிடும்!

ரொம்மின் ஓட்டத்திலிருந்த உயிர் இதில் இல்லையென்பதே நம் கருத்து. எனினும், துரத்தி நகைப்பூட்ட இயலாதவர்கள் பேசி நகைப்பூட்டக் கற்றனர். அதன் விளைவே 'பிளின்ற்ஸ்ரோன்ஸ்'. 1959இல் 'பிளாக்ஸ்ரோன்ஸ்' என்ற பெயரில் சிறு மாதிரிப் படமாகத் தொடங்கி, 1960 செப்டெம்பர் 30ஆம் திகதி அரங்கேறியது. அமெரிக்காவில் இரவின் முதன்மை நேரத்தில் ஒளிபரப்பான முதற் சித்திரத் தொடர் இதுவே. பறவையின் அலகு இசைத்தட்டுக்கு ஊசியாகும். மோட்டார் வண்டியைக் காலால் உந்தி ஓட்டுவர். இத்தகைய கற்காலத்திலே கணவன், மனைவி, அயலார் ஆகியோரின் வாய்ச்சண்டையே நகைக்கு ஊற்று. 1963இல் பெபிள்ஸ் என்னும் பெண்மகவு பிறந்தாள். 1965இல் வேற்றுலகக் குள்ளனொருவனும் நுழைந்தான். அவன் வரவு நமக்கு உவப்பன்று. மறு ஆண்டு ஏப்பிரிலில், 166 கதைகளோடு தொடர் நின்றது.