நிழலை இழக்கும் மீன்

இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளிலே, மரநிழல் கவிந்த சிற்றோடைகளில் வாழும் மீனொன்றைச் சிங்கள மக்கள் 'ஹல்மல் தண்டியா' என்பர். ஹல் என்பது அக்காடுகளில் வளரும் குங்கிலிய இன மரம். மல் என்பது மலர். 1930 ஆம் ஆண்டில் இம்மீனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்த பி. இ. பி. தெரணியகல, அம்மலரின் பெயரையே இலத்தீன் மொழியிலும் இதற்குச் சூட்டினார். ஏறத்தாழ 4 சென்ரிமீற்றரே வளரும் இச்செம்மஞ்சள் மீன், உலகில் வேறெந்த நாட்டுக்கும் இயற்கையில் உரியதன்று. இன்று இது அழிவின் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களுள் ஒன்றாகும்.

மீனுக்கு மரத்தின் பெயர் வாய்த்தது வெறும் அழகு கருதியன்று என்றே தோன்றுகிறது. மரநிழலே ஓடைநீரைக் குளிர்மையாக வைத்திருக்கின்றது. உதிரும் சருகுகளே நீர்ப்பூச்சிகளுக்கு உணவும் உறையுளுமாகின்றன. வேர்களே கரைமண்ணைப் பிடித்து நிற்கின்றன. கரையோர மரம் வீழ்ந்தால் நீர் வெப்பமடைகிறது. மழைதோறும் சேறு இறங்கி ஓடையின் அடித்தளத்தை மூடுகிறது.

இத்தீங்குக்கு வழிகள் பல. ஓடைக்கரைவரை நீளும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிருமிநாசினிகள் நீரிற் கலக்கின்றன. இரத்தினபுரிப் பகுதியின் இரத்தினக்கல் அகழ்வு நீரைக் கலக்குகிறது. சிறிய நீர்மின் நிலையங்கள் ஓடையை மறித்துக் குழாய்வழியே திருப்புவதால், இடைப்பட்ட பகுதி வற்றிப்போகிறது. போதாக்குறைக்கு, வெளிநாட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்காகக் காட்டுமீன்களைப் பிடிக்கும் வணிகமும் உண்டு.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்பதற்கில்லை. சிங்கராஜ வனத்தில் மரம் வெட்டுதல், மக்களின் எதிர்ப்பினால் 1977 இல் நிறுத்தப்பட்டது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. ஆயினும் ஓடை வனத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. எல்லைக்கல்லைத் தாண்டியதும் அது சட்டத்தின் காவலையும் மரத்தின் நிழலையும் ஒருங்கே இழந்துவிடுகின்றது.

கரையோர நிலத்தை ஒதுக்கிவைக்க 1947 ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் இடமளிக்கின்றது. அவ்வொதுக்கு நிலத்தில் மரம் நிற்கச் செய்வதே இப்போது வேண்டுவது. ஆனால், சிறு தோட்டக்காரனுக்கு அந்த நாலு வரிசைத் தேயிலையும் பிழைப்பன்றோ? அவனை வருத்தாது, தக்க உதவியளித்து மரம் நடுவிப்பது அரசின் கடன். கரையில் மரம் நின்றால் மீன் மட்டுமன்று, அவனுடைய மண்ணும் கிணற்றுநீருங்கூட நிலைக்கும். மலரின் பெயர் தாங்கிய மீன், வெறும் பெயராக எஞ்சிவிடலாகாது.