அரசு ஆர்டரில் 25 சதவீதம்: நம் பட்டறைகளுக்கு ஏன் எட்டவில்லை?

கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டை 1958இல் உருவானது. சிறுதொழில்களுக்கு வழிகாட்டும் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. வளர்ச்சி அலுவலகமும் மாநில அரசின் சிட்கோ தலைமையகமும் கிண்டியில்தான் உள்ளன. ஆனாலும் லேத் பட்டறையோ தையல் கூடமோ நடத்தும் நம் சகோதரர்களிடம் அரசு ஆர்டர் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு, ஹஜ்ரத்" என்பதே பெரும்பாலும் பதிலாக வருகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம் கவனக்குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? 2012இல் வந்த கொள்முதல் கொள்கை ஆணைப்படி மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இது 25 சதவீதம். அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களுக்கு 4, பெண்களின் நிறுவனங்களுக்கு 3 சதவீதம். 358 பொருட்கள் முழுவதும் சிறுதொழிலுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. டெண்டர் படிவம் இலவசம், ஈ.எம்.டி. எனும் முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம். பெரிய நிறுவனம் கேட்ட குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் நாம் கூடுதலாகக் கேட்டிருந்தாலும், அந்த விலைக்கே இறங்கி வந்தால் ஆர்டரில் ஒரு பங்கு கிடைக்கும்.

குறை எங்கே? 2025 ஏப்ரல் முதல் 100 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனமும் 'சிறு' நிறுவனமே. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையும் அதனுடன் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். குறுந்தொழிலுக்கென்று தனிப் பங்கு இல்லை.

தொழில் நடக்கும் இடமும் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவில் 1997 முதல் 'ஹப்ஸோன்' திட்டம் உள்ளது. வறுமை மிகுந்த பகுதியில் தலைமை அலுவலகம் வைத்து, பணியாளர்களில் 35 சதவீதத்தினரை அத்தகைய பகுதிகளிலிருந்தே எடுக்கும் சிறு நிறுவனத்துக்கு அங்கே முன்னுரிமை. கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் 3 சதவீதம் அவர்களுக்குச் செல்ல வேண்டும் என்பது இலக்கு. தமிழ்நாட்டிலும் பின்தங்கிய வட்டாரங்களில் தொழில் தொடங்க மானியம் உண்டு. ஆனால் மானியத்தில் இயந்திரம் வாங்கலாம்; அதற்கு வேலை கொடுப்பது ஆர்டர்தான்.

கர்நாடகம் 2025 மார்ச்சில் முஸ்லிம்கள் அடங்கிய 2பி பிரிவுக்கு அரசு ஒப்பந்தங்களில் 4 சதவீதம் ஒதுக்க மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். மத, சாதி அடிப்படையிலான ஒதுக்கீடு நீண்ட வழக்காக மாறக்கூடியது. பின்தங்கிய பகுதி என்ற அளவுகோல் அங்கு வாழும் எல்லாச் சமூகத்தவருக்கும் பொது. அந்தக் கோரிக்கையை மற்றவர்களுடன் சேர்ந்தே நாம் எழுப்ப முடியும்.

அதுவரை நம் கையில் உள்ளதைச் செய்வோம். உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன்பின் ஜெம் தளத்தில் பதியலாம். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை இல்லை. உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்கும்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்பகரா 282ஆம் வசனம் ஏவுகிறது. அப்படியிருந்தும் பில்லும் கணக்கும் இல்லாமல் தொழில் நடத்தி, டெண்டர் வரும்போது வெறுங்கையுடன் நிற்கிறோம். பணம் 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்டால் வட்டியுடன் கோரச் சட்டம் அனுமதிக்கிறது. வட்டி நமக்கு ஆகாது. அதற்காக அசலைக் கேட்டு வசதியாக்க மன்றத்தை அணுகாமல் இருக்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 3 சதவீதத்துக்காக மனைவியின் பெயரைப் பலகையில் மட்டும் எழுதுவது ஏமாற்று. அது வீட்டில் தைத்துப் பிழைக்கும் ஒரு விதவையின் பங்கைப் பறிப்பதாகும். மாறாக, அத்தகைய பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்து, பதிவும் கணக்கும் செய்து கொடுக்க ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு பட்டதாரி இளைஞரை நியமிக்கட்டும். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.