ஆடினால் குற்றமா?

சமீபத்தில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து மெல்லிசை ஆரம்பமானதும், பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நாலு சுற்று ஆடினார்கள். பக்கத்தில் இருந்த தோட்டத்துப் பாட்டி முகத்தைத் திருப்பிக் கொண்டார்.

"என்ன தம்பி இது? துரைமார் கிளப்புல ஆடுற ஆட்டத்தை நம்ம பிள்ளைங்க சபையில ஆடுதுங்களே, அடுக்குமா?" என்றார்.

"பாட்டி, துரைமார் நாட்டிலேயே இந்தக் கேள்வியை நானூறு வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள்" என்றேன். அந்தக் கதையை நேயர்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

பிரான்ஸ் நாட்டில் 1589-ல் நடனம் கற்பிக்க ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் யார் தெரியுமா? எழுபது வயதை நெருங்கிய ஒரு பாதிரியார்! துவானோ ஆர்போ என்பது அவர் வைத்துக் கொண்ட புனைபெயர். ஆடத் தெரியாத வாலிபன் ஒருவன் கேள்வி கேட்க, பெரியவர் பதில் சொல்வது போல் புத்தகம் போகிறது. பாட்டின் சுரங்களுக்குப் பக்கத்திலேயே எந்த இடத்தில் எந்த அடி வைப்பது என்று குறித்திருக்கிறார். கல்யாணம் செய்யப் போகிறவர்கள் ஒருவர் உடல்நலத்தை ஒருவர் அறியவும் நடனம் உதவும் என்கிறார். ஆனால் ஆண் பெண்ணைத் தூக்கிச் சுழற்றும் ஓர் ஆட்டம் வந்ததும் அவரே தயங்குகிறார். இளம்பெண்ணுக்கு இது தகுமா என்பதை நீயே யோசித்துக் கொள் என்று வாலிபனிடம் விட்டு விடுகிறார்.

இங்கிலாந்தில் மன்னரின் தலையை வெட்டி, கட்டுப்பாடு மிகுந்த மதவாதிகள் ஆண்ட காலம். அப்போதும் 1651-ல் ஜான் பிளேஃபோர்டு என்ற புத்தக வியாபாரி நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்களை அச்சிட்டு விற்றார். அந்தப் புத்தகம் 1728 வரை மறுபடி மறுபடி அச்சாயிற்று.

பிறகு வந்தது வால்ட்ஸ். ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழலும் ஆட்டம். 1816-ல் லண்டன் அரண்மனை விருந்தில் அதை ஆடியதும் 'டைம்ஸ்' பத்திரிகை கொதித்து எழுந்தது. அந்நிய நாட்டு ஆபாசம் என்றும், பெற்றோர் தம் பெண்களை இந்தத் தொற்றுநோய்க்கு விடலாகாது என்றும் எழுதியது. அதே வருஷம் தாமஸ் வில்சன் என்ற நடன ஆசிரியர் வால்ட்ஸ் ஆடும் முறைக்கே ஒரு புத்தகம் போட்டு, இதனால் ஒழுக்கம் கெடாது என்று வாதாடினார். அமெரிக்காவில் 1892-ல் முன்னாள் நடன ஆசிரியர் ஒருவர் எழுதிய நூலின் பெயரோ, 'நடன மண்டபத்திலிருந்து நரகத்துக்கு'!

கடைசியில் ஜெயித்தது எது? 1922-ல் உலக நடனப் போட்டியில் வென்ற விக்டர் சில்வெஸ்டர், 1927-ல் பால்ரூம் நடனத்துக்குப் பாடநூல் எழுதினார். அவர் ஒரு பாதிரியாரின் மகன்.

இந்த ஆட்டம் நம் பக்கமும் வந்தது. சிங்கப்பூரில் 1923-ல் திறந்த நியூ வேர்ல்டு, பின்னால் வந்த கிரேட் வேர்ல்டு, ஹேப்பி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களில் நடன மண்டபங்கள் இருந்தன. ஆண்கள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் கூட ஆடுவார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக ஆடிய அந்தப் பெண்களைத்தான் ஊர் தூற்றியது. டிக்கெட் வாங்கிய கனவான்கள் வீட்டுக்குப் போய் நல்ல பிள்ளைகளாய்த் தூங்கினார்கள்!

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யுத்தம் முடிந்து எங்கும் வறுமை. ஹேப்பி வேர்ல்டில் ஆடிய பெண்கள், ஹே யன்னா என்பவரின் முயற்சியில், 1946-ல் கேலாங்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். 'ஹேப்பி' என்றே பெயர் வைத்தார்கள். தாங்கள் ஆடிச் சம்பாதித்த காசைக் கொடுத்து நடத்தினார்கள். அந்தப் பள்ளி 1979 வரை இருந்தது. பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பெற்றோர் படும் பாடு தோட்டத்து மக்களுக்குத் தெரியாததா? அந்தக் காசின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்டுப் பாட்டி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆட்டத்துல ஒண்ணும் இல்ல தம்பி, ஆடுறவங்க மனசுலதான் இருக்கு" என்றார்.

நானும் அதையேதான் சொல்கிறேன். பெண் விரும்பி ஆடுகிறாளா, வேண்டாம் என்றால் விட்டு விடுகிறார்களா, சபையில் மரியாதை இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, ஆடிய பெண்ணை மட்டும் ஏசிவிட்டு ஆடிய பையனை விட்டு விடுகிறோமா என்றும் நம்மை நாமே கேட்டுக் கொள்வோம்.