காற்றுக் கருவியும் நமது கடமையும்

திருக்கேதீச்சரத் திருவிழாவில் நாதஸ்வரம் ஒலிக்கிறது. பள்ளிக்கூட அணிவகுப்பிலோ மேனாட்டு ஊதுகருவிகள் முழங்குகின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பார் உளர். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று.

பெல்ஜியத்து அடோல்ப் சாக்ஸ் 1846இல் காப்புரிமை பெற்ற சாக்ஸபோன், முதலில் இராணுவ வாத்தியக் குழுக்களில் இடம்பெற்றுப் பின்னரே ஜாஸ் இசையின் குரலாயிற்று. மங்களூர்ச் சீமையைச் சேர்ந்த கத்ரி கோபால்நாத் அதனைக் கருநாடக இசைக்கு இணங்க வைத்தார். விசையை அழுத்தினால் சுரம் தாவுமேயன்றிக் குழையாது. கமகத்துக்கோ குழைவே உயிர். கருவியில் மாற்றஞ் செய்தும், உதட்டையும் மூச்சையும் பழக்கியும் அவர் அத்தடையை வென்றார். 1994இல் லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவிலும் வாசித்தார்.

அச்செவியறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் தந்தையார் நாதஸ்வரக் கலைஞர். சீவாளியின் நாதம் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். நாதஸ்வரம் நலிந்தால் இத்தகைய புதுமைக்கும் வேர் இராது என்றே நான் கருதுகிறேன்.

1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, தமிழகத்து வித்துவான்கள் பலர் தலைமன்னார் வழியே ஈழத்துத் திருவிழாக்களுக்கு வந்தனர். அக்கப்பல் இன்றில்லை. ஆதலின் அவ்வித்தை இம்மண்ணிலேயே பயிலப்படல் வேண்டும். ஆசிரியப் பெருமக்களே, டிரம்பட் ஊதும் மாணவன் கையில் நாதஸ்வரத்தையும் கொடுங்கள். இரண்டுக்கும் வேண்டுவது ஒரே மூச்சுத்தான்.